சஷ்டிக்கு நிறுத்திய மாத்திரை

எச்சிலின் அருமை எனக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அதுவரை அதைக் கண்ட இடத்தில் துப்பிக்கொண்டு ஊதாரியாகத் திரிந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். மேஜை மேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, அட்டையை வைத்துக் கோடு போட்டு, பெரிய கத்தரியால் வெட்டித் தள்ளுவது என் வேலை. ஒட்டிக்கொண்டிருக்கும் துணியைப் பிரித்தெடுக்கக் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவையாவது தொடுவேன். கத்தரி மழுங்கினால் சாணை பிடித்துக்கொள்ளலாம், எச்சில் வற்றினால் எங்கே போவது? அந்த எச்சிலைத்தான் ஒரு சின்ன மாத்திரை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது.

மாத்திரை எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வுக்கு. அந்தச் சொல் அப்போது எங்களிடம் புழக்கத்தில் இல்லை. "மாஸ்டருக்கு என்னமோ ஆயிருச்சு" என்பதுதான் கம்பெனி முழுக்கப் பேச்சு. எனக்கும் அதற்கு மேல் தெரியாது. காலையில் துணியை விரித்துவிட்டுக் கத்தரியைக் கையில் எடுத்தால், டீ மணி அடிக்கும்வரை ஒரு வெட்டுக்கூட வெட்டாமல் நின்றுகொண்டிருப்பேன். சோற்றை வாயில் வைத்தால் பஞ்சை மெல்வதுபோல இருக்கும். வாய் மூடாமல் பேசி அடுத்த மேஜைக்காரர்களின் வேலையைக் கெடுப்பதில் பெயர் வாங்கியவன் நான். யாராவது ஏதாவது கேட்டால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துகொண்டேன். காரணம் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். நல்ல காரணமாக ஒன்று கைவசம் இருந்திருந்தால் எனக்கே நிம்மதியாக இருந்திருக்கும்.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், மந்திரிக்க ஆள் கூட்டி வந்தார். எலுமிச்சம்பழம் வெட்டினார்கள். கறுப்புக் கயிறு கட்டினார்கள். ஒரு லேகியம் வந்தது, அது வயிற்றைக் கலக்கியதைத் தவிர வேறு எதையும் கலக்கவில்லை. "மாப்ளே, வெடியால எந்திரிச்சு நாலு எட்டு நடந்து பாருங்க, எல்லாம் சரியாப் போயிரும்" என்றார் மச்சான். எழுந்திருக்க முடியாததுதான் என் நோய் என்று அவருக்கு விளக்கும் தெம்புகூட எனக்கு இல்லை.

பொங்கலூர்ப் பக்கம் மச்சானுக்குத் தோட்டம் இருந்தது. காற்று மாறினால் நல்லது என்று அங்கே கொண்டுபோய் விட்டார்கள். இரண்டாம் நாள் மதியம் கிணற்று மேட்டில் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி சோற்றுக்குக் கூப்பிட வந்தாள். என்னைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். வீட்டில் நான் செருப்பை ஒருநாளும் ஒழுங்காகக் கழற்றி வைத்தவன் அல்ல. அன்றைக்கே திருப்பூர் பஸ் ஏறினோம், ஊர் வந்து சேரும்வரை அவள் என் சட்டை நுனியைப் பிடித்த பிடியை விடவில்லை.

என் மனைவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் கொஞ்சிப் பேசி நான் கேட்டதில்லை. திட்டுவாள். ஆனால் எங்கள் பக்கத்து மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல் திட்டுவாள். "ஏனுங்க, உங்க மண்டைக்குள்ள இருக்கறது மூளைங்களா, பனியன் வேஸ்ட்டுங்களா?" என்று கேட்டால் பதில் சொல்வதா, கும்பிடுவதா என்று தெரியாது. அப்படிப்பட்டவள் பஸ்ஸில் வாய் திறக்காமல் வந்தது எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் கோயமுத்தூருக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் என்னை ஒரு கால் மணி நேரம்தான் விசாரித்தார். மீதி நேரமெல்லாம் அவளிடம்தான் பேசினார்.

"பத்தியம் ஏதாச்சும் உண்டுங்களா?" என்று கேட்டாள்.

"பத்தியம் ஒண்ணும் இல்லீங்கம்மா. கள்ளு, சாராயம் மட்டும் கூடவே கூடாது."

பத்தியம் இல்லாத மருந்தும் ஒரு மருந்தா என்று அவள் முகத்தில் சந்தேகம் ஓடியது. டாக்டர் விடவில்லை.

"நாலஞ்சு வாரத்துக்கு குணம் தெரியாது, அதுக்குள்ள அவசரப்படாதீங்க. மொதல்ல தொந்தரவுதான் தெரியும். வாய் வறண்டு போகும், தலை சுத்தும், கண்ணு மங்கலாத் தெரியும். கத்தரி புடிக்கிற வேலைங்கறீங்க, கொஞ்ச நாளைக்கு வேண்டாம். இன்னொண்ணு கேட்டுக்கங்க. இப்ப இவருக்கு ஒரு காரியம் செய்யவும் தெம்பு இல்லை. மாத்திரை போட்டா உடம்புக்குத் தெம்பு மொதல்ல வந்துரும், மனசு பின்னாலதான் தெளியும். அந்த நடுவுல இருக்கற நாளுதான் மோசமான நாளு. கண்ணுல வச்சுப் பாத்துக்கங்க. மாத்திரை டப்பா உங்ககிட்ட இருக்கோணும், இவரு கைக்குப் போகக்கூடாது. அளவுக்கு மேல போனா இதயத்தையே நிறுத்திப்போடும்."

"சரீங்க."

"குணமாயிருச்சுன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது. நான் கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சுத்தான் நிறுத்துவேன்."

"சரீங்க" என்று இரண்டாவது தடவையும் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் பெருங்காய டப்பாவைக் காலி செய்து, கழுவி, மாத்திரைகளை அதில் போட்டாள். சமையலறை டப்பாக்களில் நான் திறக்கவே திறக்காத டப்பா எது என்று பத்து வருடக் குடித்தனத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தது. கழுவி என்ன பயன், பெருங்காய வாசம் போகுமா? அன்றிலிருந்து என் மனநோய்க்கு நான் சாம்பார் வாசத்தோடுதான் மருந்து சாப்பிட்டேன்.

டாக்டர் சொன்ன தொந்தரவுகள் ஒன்றுகூடப் பாக்கி இல்லாமல் வந்தன. அவர் சொல்லாதவையும் கூடவே வந்தன.

வாய் வறண்டது என்று சொன்னால் போதாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பேச வேண்டுமென்றால் முதலில் அதைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. கம்பெனியில் எனக்கென்று ஒரு தண்ணீர் சொம்பு வந்தது. இவ்வளவு தண்ணீர் குடித்தால் வெளியேயும் போக வேண்டுமல்லவா? அங்கேதான் வேடிக்கை. கம்பெனிக்குப் பின்னால் ஒரு சுவர், அதுதான் எங்கள் எல்லோருக்கும் ஒதுங்கும் இடம். நான் போய் நிற்பேன். பக்கத்தில் ஒருவர் வந்து முடித்துவிட்டுப் போவார். இன்னொருவர் வந்து போவார். நான் நின்றுகொண்டே இருப்பேன். அடிவயிற்றில் முட்டும், வராது. ஒருநாள் பவர் டேபிளில் தைக்கும் ஒரு டெய்லர், "மாஸ்டர், அந்தச் செவுத்துல எதாச்சும் படம் ஓடுதுங்களா, நாங்களும் பாக்கறோம்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, இடைவேளையே இல்லாத படமாக நின்றுகொண்டிருந்தேன்.

மலம் கழிப்பதைப் பற்றி எழுத மாட்டேன். நாலு நாளைக்கு ஒருமுறை, விளக்கெண்ணெய் தயவில், என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். அதனால் எழுவதையே தவணை முறையில் செய்யப் பழகினேன். முதலில் கையூன்றுவது, பிறகு ஒரு முழங்கால், பிறகு பக்கத்தில் இருப்பவர் தோள். புதுப்பெண்கூட இவ்வளவு நிதானமாக எழுந்திருக்க மாட்டாள். கைவிரல்களில் ஒரு நடுக்கம் வேறு. கண்ணோ, ஒரு கோடு போட்டால் இரண்டாகக் காட்டியது. இரண்டில் எது நிஜம் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் நடுவில் வெட்டினேன். கழுத்து வெட்டிய ஒரு அடுக்கு முழுவதும் தொப்புள்வரை இறங்கி நின்றது. கத்தரி பிடிக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை நான் கம்பெனியில் சொல்லாமல் மறைத்திருந்தேன். கட்டிங் மாஸ்டரிடம் கத்தரியை வாங்கிக்கொண்டால் மீதி என்ன இருக்கிறது?

இது என் மனைவி காதுக்குப் போயிற்று. மறுநாள் முதலாளி முன்னால் வந்து நின்றாள். "இவரு கண்ணுக்கு இப்ப எல்லாமே ரெண்டாத் தெரியுதுங்க. துணி போனா நெய்துக்கலாம், வெரலு போனா நெய்ய முடியாதுங்க. கத்தரியக் குடுக்காதீங்க." கம்பெனியே வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து இரண்டு மாதம் பனியன்களை மடித்து டஜன் டஜனாகக் கட்டும் வேலை எனக்கு. அவள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கோபம் என்று ஒன்று வந்ததே நல்ல அறிகுறிதான் என்பது எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு இலாகாவும் வேலைநிறுத்தம் செய்தது. கணவன் மனைவி சமாசாரம். அதை டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்று நான் மூன்று வாரம் ஒத்திகை பார்த்து, அவர் முன்னால் போய் உட்கார்ந்து, "முட்டி வலிக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் முட்டிக்கு ஒரு தைலம் எழுதிக் கொடுத்தார்.

ஆறு வாரமோ ஏழு வாரமோ ஆகியிருக்கும். ஒருநாள் காலை பால்காரர் ஊற்றிய பாலைப் பார்த்தேன். நீலம் பூத்திருந்தது. "ஏனுங்க, இதுல மாடு எவ்வளவு, நொய்யல் ஆறு எவ்வளவு?" என்று கேட்டேன். அவர் பதிலுக்குப் பேச, நான் பேச, தெருவே எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஒரு சண்டை. முடித்துவிட்டு உள்ளே வந்தால் என் மனைவி அடுப்பங்கரையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன புள்ள?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. வெங்காயம்" என்றாள். அவள் முன்னால் வெங்காயமே இல்லை.

அன்று ரசத்தில் கொத்தமல்லி வாசம் தெரிந்தது. டெய்லரின் சுவர் நகைச்சுவைக்கு ஒரு மாதம் கழித்துச் சிரித்தேன். கத்தரி என் கைக்குத் திரும்பி வந்தது. தொந்தரவுகள் பாதி குறைந்திருந்தன, வாய் மட்டும் வறண்டே கிடந்தது. தண்ணீர் சொம்பில் விரலை நனைத்து வெட்டும் உலகத்தின் ஒரே மாஸ்டர் நான்தான் என்று நினைக்கிறேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது தீபாவளி வந்தது. தீபாவளி முடிந்தால் திருப்பூரில் கம்பெனிகளுக்கு வரிசையாக லீவு. அந்த லீவில்தான் கந்த சஷ்டி வரும். எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாகத் தறி போட்டவர்கள், முருகனைக் கேட்காமல் நூலைக்கூட நனைக்காதவர்கள். சஷ்டிக்குக் காப்புக் கட்டுவது எங்களுக்குப் பெரிய காரியம். கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டால் ஆறு நாளும் பாலும் பழமும்தான். ஆறாம் நாள் சூரசம்ஹாரம் முடிந்தபிறகு கயிற்றை அவிழ்த்தால் விரதம் முடிந்தது.

மச்சான் வந்து உட்கார்ந்தார். கோயில் காரியங்களில் அவர்தான் முன்னால் நிற்பவர். "மாப்ளே, நீங்க படுத்துக் கெடந்தப்ப முருகங்கிட்ட வேண்டிக்கிட்டேன். நீங்க குணமானா ஆறு நாள் காப்புக் கட்டி விரதம் இருக்கறீங்கன்னு."

"நானுங்களா?"

"நீங்கதான். குணமானது நீங்கதானுங்களே."

அடுத்தவன் வயிற்றைப் பட்டினி போட்டு வேண்டிக்கொள்ளும் பக்தி மச்சானுக்குக் கைவந்த கலை. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் எனக்கு இனித்தது. காப்புக் கட்டினால் உடம்புக்குள் மருந்து போகக்கூடாது. கட்டிய கயிற்றுக்குத் தீட்டு.

"டாக்டரு நிறுத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்காருங்கண்ணா" என்றாள் என் மனைவி.

"டாக்டருக்கு மேல ஒருத்தரு மலைமேல நிக்கறாரு கண்ணு. ஆறே நாளு. அவரு பாத்துக்க மாட்டாரா?"

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க."

நான் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் எதிர்பார்த்தாள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பக்தியால் அல்ல, இதை இன்றைக்காவது ஒப்புக்கொள்கிறேன், எச்சில் ஆசையால் சொன்னேன்: "முருகன் பாத்துக்குவாரு." குணமாகிவிட்டது, இனி எதற்கு இந்தச் சனியன் என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். முருகன் சாக்காகக் கிடைத்தார்.

அவள் பெருங்காய டப்பாவை இறுக்கி மூடினாள். முருகனோடு அவளும் எவ்வளவுதான் வாதாடுவாள்?

முதல் இரண்டு நாள் சொர்க்கம். வாயில் ஈரம் ஊறியது. வாழைப்பழத்துக்கு இவ்வளவு ருசியா என்று சப்பிச் சப்பித் தின்றேன். வீட்டுக்குப் பின்னால் போய் நின்றால் சொன்னபடி கேட்டது. திரும்பி வந்து மனைவியிடம் "உங்க டாக்டரு பொழப்புக்கு நம்மளை வச்சிருக்காரு" என்றேன்.

மூன்றாம் நாள் வியர்க்க ஆரம்பித்தது. ஐப்பசிக் குளிரில் வேட்டி நனைகிற வியர்வை. குமட்டியது. பாலைப் பார்த்தாலே வயிறு புரண்டது. பட்டினியால் என்று நினைத்துக்கொண்டேன். தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் கத்தரிகள் தாமாகவே துணியை வெட்டிக்கொண்டு போகும் கனவு. நான்காம் நாள் உடம்பு முழுக்க எறும்பு ஊர்வதுபோல ஒரு தவிப்பு, உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன். ஐந்தாம் நாள் காலை, எந்தக் காரணமும் இல்லாமல், கிணற்று மேட்டு நினைப்பு வந்தது. முன்பு அது வந்தபோது எனக்குக் கையைத் தூக்கவும் தெம்பில்லை. இப்போது எனக்குத் தெம்பு இருந்தது. எனக்கு என்னைக் கண்டே பயமாக இருந்தது. அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். முருகன் பார்த்துக்கொள்வார் என்று வாய்ச்சவடால் விட்டவன் எந்த முகத்தோடு சொல்வது என்று சொல்லாமல் இருந்தேன். இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

ஆறாம் நாள் சாயங்காலம் சூரசம்ஹாரம். எங்கள் பக்கத்துக் குன்று ஒன்றின் மேல் கோயில். ஜனம் நெரிந்தது. தவில், உறுமி, அரோகரா. படியேறி மேலே வந்து நின்றதும் கைகால் நடுங்கத் தொடங்கியது. பல் தந்தியடித்தது. முகமெல்லாம் வியர்வை. உறுமிச் சத்தம் மண்டைக்குள் அடித்தது. நான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு "ஊ" என்று ஒரு சத்தம் போட்டேன்.

"சாமி வந்துருச்சு!" என்றார் மச்சான்.

அவ்வளவுதான். என்னைச் சுற்றி வட்டம் கூடியது. யாரோ சட்டையைக் கழற்றினார்கள். யாரோ ஒரு கை திருநீறை நெற்றியில் அப்பினார்கள், பாதி கண்ணுக்குள் போயிற்று. உறுமிக்காரர் என் பக்கமாகத் திரும்பி, என் காதுக்குள்ளேயே வாசிக்க ஆரம்பித்தார். நான் நடுங்க நடுங்க அவர் வேகத்தைக் கூட்ட, அவர் கூட்டக் கூட்ட நான் நடுங்க, எங்கள் இருவருக்கும் நல்ல பொருத்தம். மச்சானின் முகத்தில் ஒரு பெருமை. தன் வேண்டுதலுக்கு முருகன் நேரிலேயே வந்து ரசீது கொடுத்துவிட்டார் அல்லவா?

ஒரு அம்மாள் காலில் விழுந்தார். "சாமி, எம் புள்ளைக்குக் கல்யாணம் எப்பங்க கூடும்?"

"போ!" என்று கத்தினேன். நிஜமாகவே அவரைப் போகத்தான் சொன்னேன். அவரோ கன்னத்தில் போட்டுக்கொண்டு, "உத்தரவு ஆயிருச்சு, வந்த எடத்துக்கே குடுத்தரலாம்" என்று கண்ணீரோடு எழுந்தார். அந்தக் கல்யாணம் நடந்து, பேரன்களும் பிறந்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அடுத்து ஒருவர், புதிதாக நிட்டிங் மிஷின் வாங்கலாமா என்று கேட்டார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, அவர் பக்கமாகவே ஓங்கரித்தேன். அவர் மிஷின் வாங்கவில்லை. வாங்கியவர்களெல்லாம் முன்னுக்கு வந்தார்கள். அந்த ஒரு காரணத்துக்காக அவர் இன்றுவரை முருகன் மேல் வருத்தமாக இருக்கிறார்.

சிரிப்பாகத்தான் எழுதுகிறேன். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பே இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் ஆள் இல்லாத இடம். குன்றின் பின்பக்கம், பாறை முடிகிற பக்கம், ஒருவரும் இல்லாமல் வெறிச்சென்று கிடப்பது கூட்டத்தின் இடுக்கு வழியாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் போய்விட்டால் எல்லாச் சத்தமும் நின்றுவிடும் என்று தோன்றியது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். "சாமிக்கு வழி உடுங்க!" என்றார் மச்சான். மரியாதையாக விலகி எனக்கு வழி விட்டார்கள்.

அந்த வழியில் என் மனைவி வந்து நின்றாள்.

நான் எந்தப் பக்கம் நடக்கிறேன் என்று அவள் பார்த்திருக்கிறாள். "நகரு" என்றேன். அவள் நகரவில்லை. நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். அத்தனை பேர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்து, இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தன்று விழுந்ததோடு சரி, அதற்குப் பிறகு என் காலைத் தொட்டவள் அல்ல.

"சாமி" என்றாள். உறுமிக்காரர் நிறுத்தினார். "உங்களைக் கும்பிட ஊரே இருக்குதுங்க. எனக்கு இந்த ஒரு மனுசந்தானுங்க. திட்டறதுக்கும் இவருதான், சோறு போடறதுக்கும் இவருதான். இவரை நீங்க எடுத்துக்கிட்டா நான் யாரைத் திட்டுவனுங்க சாமி? எம் புருசனை எங்கிட்டயே குடுத்துருங்க."

அவள் என்னிடம் பேசவில்லை, முருகனிடம்தான் பேசினாள். அதனால்தான் என்னால் கேட்க முடிந்தது. என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் பேசித் தப்பித்திருப்பேன். நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் எழுந்து மண்டியிட்டாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "வாயைத் தொறங்க சாமி, திருநீறு" என்றாள். திறந்தேன். நாக்கில் எதையோ வைத்தாள்.

பெருங்காய வாசம் அடித்தது.

ஆறு நாளாக அதை முந்தானை முடிச்சில் போட்டுக்கொண்டு, இதற்காகவே என் பின்னால் அலைந்திருக்கிறாள். கையில் காப்புக் கயிறு இருந்தது, சூரன் தலை இன்னும் விழவில்லை. அவள் கண்ணைப் பார்த்தேன். விழுங்கினேன். தண்ணீர் கேட்கவில்லை, அன்றைக்கு எனக்கு எச்சில் தாராளமாக இருந்தது.

"குடுத்துட்டீங்களா சாமி?" என்றாள்.

"குடுத்துட்டேன்."

"சத்தியமாங்க?"

"ஏ கண்ணு, சாமிகிட்டயே சத்தியம் வாங்குவியா?" என்று மச்சான் பதறினார்.

"வாங்கிப்போட்டுத்தான் எந்திரிப்பனுங்கண்ணா" என்றாள், என் மேல் வைத்த கண்ணை எடுக்காமல்.

"சத்தியமா" என்றேன்.

அவள் என் கைக்கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். சாமி மலையேறிவிட்டது என்று கூட்டம் அரோகரா போட்டுவிட்டுச் சூரனைப் பார்க்கத் திரும்பியது. வேறொரு அம்மாள் மட்டும் பின்தங்கி, "அந்தத் திருநீறு இன்னும் சித்த இருக்குதுங்களா? எம் மருமகளுக்கும் இப்படித்தான் வருது" என்று கேட்டார். இவள் முடிச்சைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, "அது ஒருத்தருக்குச் சொன்னதை இன்னொருத்தருக்குத் தரக்கூடாதுங்க. கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டரின் முகவரியைச் சொன்னாள்.

நடுக்கம் உடனே நின்றுவிடவில்லை. வியர்வையும் குமட்டலும் அடங்க இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அவள் என்னை விட்டு ஒரு அடி நகரவில்லை. கோயமுத்தூர் டாக்டர் என்னைத் திட்டிய திட்டில் மரியாதை ஒரு துளியும் இல்லை, என் மனைவி பொறாமையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றரை வருடம் மாத்திரை ஓடியது. அவரே கால் கால் பங்காகக் குறைத்து, ஒருநாள் போதும் என்றார். ஒன்றரை வருடமும் சொம்புத் தண்ணீரில்தான் விரல் நனைத்தேன், ஒரு வார்த்தை முனகவில்லை. மச்சான் மட்டும் மனம் தேறவில்லை. நேரில் வந்த முருகனைத் தன் தங்கை மாத்திரை கொடுத்து விரட்டிவிட்டாள் என்பது அவர் கட்சி.

அதற்குப் பிறகும் இரண்டு தடவை எனக்கு அது திரும்ப வந்தது. வரும்போது எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். வாசலில் போய்ச் செருப்பைப் பார்ப்பாள் என்று நினைக்கிறேன். என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்க மாட்டாள். நான் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது வந்து நின்று, கையைக் கூப்பி, "சாமி, குடுத்ததைத் திருப்பி வாங்க மாட்டீங்கல்ல?" என்று கேட்பாள்.

எனக்கு முருகனிடம் பெரிய பழக்கம் இல்லை. இருந்தாலும் அவருக்குப் பதிலாக நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"மாட்டேன்" என்பேன்.

"அப்ப எந்திரிச்சு மூஞ்சி கழுவுங்க. கோயமுத்தூரு பஸ்ஸு எட்டரைக்கு" என்று சொல்லிவிட்டு, பெருங்காய டப்பாவைக் காலி செய்யப் போவாள்.